கிராஸ் ஆற்றின் அடிச்சேறு: ஒரு நிகழ்வு ஆய்வு

மாசுபட்ட ஆற்றுச் சேற்றை என்ன செய்வது என்று கேட்டால் நடைமுறையில் கிடைக்கும் வழிகள் மிகச் சில. தோண்டி எடுக்கலாம். மேலே சுத்தமான மண்ணைப் பரப்பி மூடலாம். இருக்கும் இடத்திலேயே வேறு ஒரு பொருளைக் கலந்து நஞ்சு நகராமல் பிடித்துவைக்கலாம். ஒன்றும் செய்யாமல், புதிய வண்டல் தானாகப் படிந்து மூடட்டும் என்று கண்காணித்துக்கொண்டிருப்பதும் ஒரு வழிதான். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் மசீனா என்ற ஊரை ஒட்டி ஓடும் கிராஸ் ஆற்றில் முதல் மூன்றும் களத்திலேயே சோதிக்கப்பட்டன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதத்தில் ஏமாற்றியது, ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றைக் கற்றுக்கொடுத்தது. அந்த அனுபவத்தின் மேல்தான் இறுதித் திட்டம் கட்டப்பட்டது.

இதில் ஈடுபட்ட பொறியாளர்கள், ஆய்வாளர்கள், ஊர்க்காரர்கள் யாருடைய பெயரும் இங்கே இல்லை. முடிவுகளும் அவற்றின் காரணங்களும்தான் நமக்கு வேண்டியவை.

பின்னணி

மசீனாவில் அல்கோவா நிறுவனத்தின் அலுமினிய ஆலை 1903 முதல் இயங்கி வருகிறது. அலுமினியம் உருக்க மின்சாரம் ஏராளமாக வேண்டும். அதனால்தான் ஆலை அங்கே வந்தது. செயின்ட் லாரன்ஸ் பேராற்றின் நீரை ஒரு கால்வாய் வழியாகத் திருப்பி, மின்நிலையத்தில் விழச்செய்து, கிராஸ் ஆற்றில் விட்டார்கள். வந்து சேரும் அவ்வளவு நீரையும் தாங்கும்படி ஆற்றின் கீழ்ப்பகுதியை ஆழப்படுத்தி அகலப்படுத்தினார்கள். 1958இல் பேராற்றில் பெரிய மின்திட்டம் வந்ததும் அந்தக் கால்வாய் மூடப்பட்டது.

இந்தப் பழங்கதை முக்கியம். கால்வாய் நீர் நின்றுபோனது, தோண்டிய ஆற்றுப்படுகை அப்படியே இருந்தது. சிறிய ஆறு தன் அளவுக்கு மீறிய அகலமான, ஆழமான படுகையில் ஓட ஆரம்பித்தது. ஓட்டம் மந்தமாகிவிட்டதால் மேலிருந்து வந்த வண்டல் எல்லாம் அங்கேயே தங்கியது. ஆலைக் கழிவும் அதனோடு சேர்ந்து தங்கியது.

கழிவில் இருந்த முக்கியமான நஞ்சு பி.சி.பி. (பாலிகுளோரினேட்டட் பைஃபீனைல்) என்ற செயற்கை வேதிப்பொருள். தீப்பிடிக்காது, எளிதில் சிதையாது என்பதால் ஹைட்ராலிக் எண்ணெயிலும் மின்மாற்றிகளிலும் அந்தக் காலத்தில் தாராளமாகப் பயன்பட்டது. அமெரிக்காவில் இதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1976இல் வந்தது, 1979இல் உற்பத்திக்குத் தடை வந்தது. சிதையாது என்று எந்தக் குணத்துக்காக இதை வாங்கினார்களோ, ஆற்றில் அதுவே தொல்லை ஆயிற்று. பி.சி.பி. நீரில் கரைய விரும்பாது. சேற்றில் உள்ள கரிமப் பொருளோடு ஒட்டிக்கொள்ளும். சேற்றைத் தின்னும் புழுவின் கொழுப்பில் ஏறும், புழுவைத் தின்னும் மீனில் இன்னும் அதிகமாகச் சேரும்.

ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டி அக்வெசாஸ்னே என்ற மோஹாக் பழங்குடியினரின் நிலம் இருக்கிறது. மீன்பிடிப்பு அவர்களுக்கு உணவு மட்டும் இல்லை, பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் வாழ்க்கைமுறை. கீழ்க் கிராஸ் ஆற்றின் மீனை உண்ணவே கூடாது என்று மாநிலச் சுகாதாரத் துறை அறிவித்தபோது அவர்கள் இழந்தது ஒரு வேளைச் சாப்பாட்டை அல்ல.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1989இல் ஆலைக்கு உத்தரவு போட்டது: ஆற்றை ஆராய்ந்து, சுத்தம் செய்யும் வழியைச் சொல்ல வேண்டும். ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஆற்றின் கடைசி 7 மைல் சொச்சம். ஆலை வளாகத்துக்குள் இருந்த கழிவுக் குட்டைகளையும் வடிகால்களையும் சரிசெய்யும் வேலை 1990களில் தனியாக நடந்தது. முதலில் ஊற்றை அடைத்துவிட்டு அப்புறம் ஆற்றில் கைவைப்பது என்ற இந்த வரிசை சரியானது. பல இடங்களில் இது தலைகீழாக நடந்து பணம் வீணாகியிருக்கிறது.

1995: முதல் தோண்டல்

நஞ்சு மிக அதிகமாக இருந்தது ஆலையின் முதன்மை வடிகால் ஆற்றில் சேரும் இடத்தில். 1995இல் அங்கே மட்டும் சேறும் பாறையுமாகச் சுமார் 3,000 கன கெஜம் எடுக்கப்பட்டது. அந்த இடத்துச் சேற்றில் இருந்த பி.சி.பி.யில் பெரும்பகுதி இதோடு போயிற்று.

ஆனால் முழுதும் போகவில்லை. ஆற்றின் அடியில் சமதளமான சேறு இல்லை. பனியுகத்தின் எச்சமாக உருண்டைப் பாறைகள் கிடந்தன. தோண்டும் கருவி பாறையில் முட்டி நின்றது. பாறை இடுக்கில் சேறு தங்கிவிட்டது. தோண்டும்போது கலங்கிய சேறும் திரும்ப அங்கேயே வந்து படிந்தது. எவ்வளவு எடுத்தோம் என்பது ஒரு கணக்கு, மேல்பரப்பில் என்ன மிச்சம் என்பது வேறு கணக்கு. புழுவும் மீனும் இரண்டாவது கணக்கின்படிதான் வாழ்கின்றன.

2001 முதல் 2003 வரை: மூடியது பெயர்ந்தது

அடுத்த சோதனை மூடுவது. 2001இல் சுமார் 7 ஏக்கர் ஆற்றுப்படுகையில் மணலும் மேல்மண்ணும் கலந்த அடுக்கைப் பரப்பினார்கள். மண்ணை மெதுவாக, கீழே உள்ள சேறு பிதுங்காமல் இறக்க முடியுமா, தடிமன் சீராக வருமா, பரப்பும்போது நீரில் பி.சி.பி. ஏறுமா என்பவைதான் அப்போதைய கேள்விகள். எல்லாவற்றுக்கும் நல்ல பதில் கிடைத்தது. மந்தமான ஆறு, வண்டல் படியும் ஆறு, மூடியை அரிக்க இங்கே வேகமே கிடையாது. இப்படித்தான் எல்லோரும் நம்பினார்கள். வெள்ளக் கணக்குகளும் அதையே சொல்லின.

2003 வசந்தத்தில் வழக்கமான அளவெடுப்புக்குப் போனவர்களுக்கு மூடியின் ஒரு பகுதியைக் காணவில்லை. மண் மட்டும் இல்லை, அதற்குக் கீழே இருந்த பழைய சேறும் பல இடங்களில் தோண்டப்பட்டதுபோல் போயிருந்தது.

காரணம் பனிக்கட்டி. குளிர்காலத்தில் ஆறு உறைந்து, வசந்தத்தில் உடையும்போது பாளம் பாளமாகப் பனிக்கட்டி மிதந்து வரும். ஒரு வளைவிலோ குறுகலிலோ அவை மாட்டிக்கொண்டால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி அணைபோல் அடைத்துவிடும். பின்னால் நீர் உயரும். ஆற்றுக்கு மிச்சமிருக்கும் வழி பனிக்கட்டியின் அடிப்பகுதிக்கும் ஆற்றின் அடித்தளத்துக்கும் இடையே உள்ள சந்து மட்டும். அந்தச் சந்தில் பாயும் நீரின் வேகம் சாதாரண வெள்ளத்தைப் பலமடங்கு மிஞ்சும். வெள்ளம் படுகையைத் தொடாமல் போயிருக்கலாம். இது நேரே படுகையைக் குடைந்தது.

இதற்குப் பின் நடந்த தேடல்தான் இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இது ஒரு தடவை நடந்த விபத்தா, அடிக்கடி நடப்பதா? எழுதிவைத்த அளவீடுகள் போதவில்லை. அதனால் கரையோர மரங்களைப் பார்த்தார்கள். பனிக்கட்டிப் பாளம் உரசிய மரத்தின் பட்டையில் வடு விழும். வடுவுக்கு வெளியே எத்தனை வளையங்கள் வளர்ந்திருக்கின்றன என்று எண்ணினால் எந்த ஆண்டு உரசியது என்பது தெரியும். சேற்றில் குழாய் இறக்கி எடுத்த மாதிரிகளில் அடுக்குகள் எங்கே குலைந்திருக்கின்றன என்றும் பார்த்தார்கள். இப்படிப்பட்ட அடைப்பு முன்பும் வந்திருக்கிறது, இனியும் வரும், ஆய்வுப் பகுதியின் மேல்பக்கத்தில்தான் அதிகம் பாதிக்கும் என்ற படம் கிடைத்தது.

ஒரு விஷயத்தை இங்கே நேராகச் சொல்ல வேண்டும். 7 ஏக்கரில் மூடி பெயர்ந்தது நல்லதற்கே. சோதனையைத் தவிர்த்துவிட்டு 7 மைலையும் அதே மண்ணால் மூடியிருந்தால், பனிக்கட்டி அடைத்த ஆண்டில் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

2005: மீண்டும் தோண்டல், கூடவே கவச மூடி

பனிக்கட்டிச் சிக்கல் தெரிந்ததும், 'அப்படியானால் எடுத்துவிடுவதுதான் வழி' என்ற குரல் வலுத்தது. மோஹாக் தரப்பில் தொடக்கம் முதலே சேறு ஆற்றை விட்டு வெளியேற வேண்டும் என்றுதான் கேட்டு வந்தார்கள். 2005இல் ஒரே பருவத்தில் சில வழிகளை ஒப்பிட்டார்கள்: நடு ஆற்றில் தோண்டுவது, கல்லும் சரளையும் போட்ட கவச மூடி, மெல்லிய மண் மூடி.

தோண்டல் மறுபடியும் பாறையில் மாட்டிக்கொண்டது. திட்டமிட்ட வேகத்தில் போகவில்லை. அதைவிடத் தொந்தரவான ஒன்றும் தெரிந்தது. இந்த ஆற்றில் அதிக நஞ்சு ஆழமான பழைய அடுக்குகளில் இருக்கிறது. ஆலை மோசமாகக் கழிவு விட்ட காலத்துச் சேறு அது. அதற்கு மேலே பிறகு வந்த சுத்தமான வண்டல் படிந்திருந்தது. பாதி தோண்டி நின்ற இடத்தில் அந்த மூடாப்பு போய்ப் பழைய நஞ்சு மேலே வந்துவிட்டது. தோண்டிய பின் மேல்பரப்பில் இருந்த அளவு, தோண்டுவதற்கு முன் இருந்ததைவிடச் சில இடங்களில் கூடியது. தோண்டிய இடத்தை மண் போட்டு மூட வேண்டியதாயிற்று.

நீரிலும் அந்தப் பருவத்தில் பி.சி.பி. ஏறியது. மீன்களிலும் ஏறி, பிறகு இறங்கியது. தடுப்புத் திரைகள் கட்டியிருந்தும் இது நடந்தது. திரை வண்டலைப் பிடிக்கும், நீரில் கரைந்து போவதைப் பிடிக்காது.

2007இல் அமெரிக்க தேசிய ஆய்வு மன்றம் 26 தோண்டல் திட்டங்களை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. கிராஸ் ஆறும் அவற்றில் ஒன்று. பாறையும் குப்பையும் கிடக்கிற, அடியில் கெட்டித் தளம் இருக்கிற இடங்களில் தோண்டுவதை மட்டும் நம்பி இலக்கை எட்டுவது கடினம் என்பது அதன் சாரம். கிராஸ் ஆற்றுக்காரர்களுக்கு இது புதுச் செய்தியாக இருந்திருக்காது.

கவச மூடி மட்டும் சொன்னபடி நின்றது. செலவு அதிகம், ஆற்றின் அடித்தளத்தின் இயல்பே மாறிவிடும், ஆனால் பனிக்கட்டி வரும் இடத்தில் நிற்கக்கூடியது அதுதான்.

2006: கார்பன் கலந்து பார்த்தது

இதற்கிடையே வேறு ஒரு திசையிலிருந்து ஆய்வு வந்துகொண்டிருந்தது. ஒரே அளவு பி.சி.பி. உள்ள இரண்டு சேறுகளில் ஒன்றில் வாழும் புழு நிறைய நஞ்சை ஏற்கிறது, மற்றதில் குறைவாக ஏற்கிறது. ஏன்? நிலக்கரித் துகள், புகைக்கரி போன்றவை உள்ள சேற்றில் பி.சி.பி. அவற்றின் நுண்துளைகளுக்குள் போய் மாட்டிக்கொண்டு வெளியே வர மறுக்கிறது. சாதாரண மட்கிய பொருளைவிடக் கரி பலமடங்கு இறுக்கமாகப் பிடிக்கிறது. அப்படியானால் குடிநீர் வடிகட்டிகளில் போடும் ஆக்டிவேட்டட் கார்பனைச் சேற்றில் நாமே கலந்தால் என்ன? சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் ஹண்டர்ஸ் பாயின்ட் என்ற பழைய கடற்படைத் தளத்தின் சேற்றுத் திட்டில் இதைச் சோதிக்கத் தொடங்கியிருந்தார்கள். அங்கே அலை வற்றும்போது சேறு வெளியே தெரியும். கிராஸ் ஆற்றில் எப்போதும் நீர் நிற்கிறது. நீருக்கடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், தூளைக் கலக்க முடியுமா?

2006 இலையுதிர்ப் பருவத்தில் சுமார் அரை ஏக்கரில் செய்தார்கள். கார்பன் தூளை அப்படியே கொட்டினால் மிதக்கும், ஓட்டத்தில் போய்விடும். அதனால் நீரில் ஊறவைத்துக் குழம்பாக்கிக் குழாய் வழியாக இறக்கினார்கள். கலப்பதற்கு இரண்டு கருவிகள். ஒன்று, சுற்றிலும் அடைத்த பெட்டிக்குள் சுழல் கலப்பை. பெட்டி படுகையில் உட்கார்ந்ததும் உள்ளே கலப்பை சுழன்று மேல்சேற்றோடு கார்பனைக் கலக்கும், கலங்கல் பெட்டியை விட்டு வெளியே போகாது. மற்றொன்று, வரிசையாகப் பற்கள் கொண்ட சறுக்குச் சட்டகம். அதை இழுத்துக்கொண்டு போகும்போது பற்களின் முனையிலிருந்து கார்பன் சேற்றுக்குள் செலுத்தப்படும். ஒரு பகுதியில் மட்டும் கலக்காமல் மேலே பரப்பிவிட்டுப் பார்த்தார்கள்.

வெற்றியை எதைக் கொண்டு அளப்பது என்பதுதான் இங்கே புதுமை. சேற்றில் உள்ள மொத்த பி.சி.பி. கொஞ்சமும் குறையாது, ஏனென்றால் எதையும் வெளியே எடுக்கவில்லை. பழைய முறைப்படி மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் 'மாற்றம் இல்லை' என்றுதான் முடிவு வரும். அதனால் அளந்தது இரண்டை. சேற்று மணிகளுக்கு இடையே நிற்கும் நீரில், அதாவது இடைநீரில், எவ்வளவு கரைந்திருக்கிறது என்பது ஒன்று. இதற்குப் பாலிஆக்சிமெத்திலீன் என்ற பிளாஸ்டிக்கின் மெல்லிய பட்டையைச் சேற்றோடு வாரக்கணக்கில் சேர்த்து வைப்பார்கள். நீரில் கரைந்துள்ள பி.சி.பி. பட்டையில் ஏறி ஒரு சமநிலைக்கு வரும். பட்டையை அலசி அளந்தால் நீரில் இருந்தது கணக்குக்கு வந்துவிடும். மற்றொன்று புழு. நன்னீர்ச் சேற்றில் வாழும் மெல்லிய புழுக்களை வலைக்கூண்டில் போட்டு ஆற்றடியில் வைத்தார்கள், ஆய்வகத்திலும் வளர்த்தார்கள். அளப்பதற்கு முன் குடலில் உள்ள சேறு வெளியேறும்படி புழுக்களைச் சுத்தமான நீரில் விட வேண்டும். இல்லையென்றால் நாம் அளப்பது புழுவை அல்ல, அது தின்ற சேற்றை.

மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். கார்பன் 4 சதவீதமோ அதற்கு மேலோ சேர்ந்த இடங்களில் இடைநீரில் பி.சி.பி. 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. புழுக்களிலும் பெருமளவு குறைந்தது. ஆண்டு போகப்போகப் பலன் கூடியது. கார்பன் போட்ட அன்றே எல்லா மூலக்கூறும் அதைத் தேடி வந்து ஒட்டாது, சேற்று மணிகளை விட்டு மெல்லக் கசிந்து வரக் காலம் வேண்டும் என்பதால் இது எதிர்பார்த்ததுதான். கலக்கும்போது நீரில் பி.சி.பி. பெரிதாக ஏறவில்லை என்பதும் 2005 அனுபவத்துக்குப் பின் ஆறுதலான செய்தி.

குறைகளும் இருந்தன. கார்பன் சீராகப் பரவவில்லை. ஒரு குழாய் மாதிரியில் நிறைய, அடுத்ததில் கொஞ்சம். ஆய்வகத்தில் கார்பன் அதிகம் கலந்த சேற்றில் வளர்த்த நீர்த்தாவரங்கள் சற்று மெதுவாக வளர்ந்தன. சேற்றின் சத்து நீர்த்துப்போனது காரணமாக இருக்கலாம் என்று கருதினார்கள். படுகையில் வாழும் சிற்றுயிர்க் கூட்டத்தில் பெரிய பாதிப்பு தெரியவில்லை. இன்னொன்று: சோதனை நடந்தது அரை ஏக்கரில். சுற்றிலும் மாசுபட்ட ஆறு அப்படியே இருந்தது. அங்கிருந்து புதிய வண்டல் வந்து மேலே படிந்துகொண்டே இருந்தது. மீன் அரை ஏக்கருக்குள் நிற்காது. ஆகவே மீனில் என்ன மாற்றம் வரும் என்பதை இந்த அளவுச் சோதனையால் காட்டவே முடியாது.

2013: முடிவு

2013 ஏப்ரலில் முகமை தன் முடிவை அறிவித்தது. கரையோர ஆழமற்ற பகுதிகளில் சுமார் 109,000 கன கெஜம், அதாவது 80,000 கன மீட்டருக்குச் சற்று மேல், தோண்டி எடுத்து அங்கே சுத்தமான மண் நிரப்புவது. நடு ஆற்றில் சுமார் 284 ஏக்கரை மூடுவது. அதில் பனிக்கட்டி குடையும் மேல்பகுதியில் 59 ஏக்கருக்குக் கவச மூடி, மீதிக்கு மணலும் மேல்மண்ணும். மதிப்பிட்ட செலவு 24.3 கோடி டாலர்.

காரணங்களை முந்தைய ஆண்டுகளோடு பொருத்திப் பார்த்தால் கோடு தெளிவாகத் தெரியும். கரையோரம் தோண்டியது ஏன்? அங்கே ஆழம் குறைவு, மூடி போட்டால் நீர்நிலையே மேடாகிவிடும், மீன் முட்டையிடும் இடமும் மனிதர் இறங்கும் இடமும் அதுதான். நடுவில் தோண்டாதது ஏன்? 1995உம் 2005உம். கவசம் ஏன்? 2003. மற்ற இடங்களில் வெறும் மண்ணே போதும் என்று துணிந்தது ஏன்? பனிக்கட்டி எதுவரை வரும் என்று அந்த மரவடுத் தேடலுக்குப் பின் சொல்ல முடிந்ததால்.

கார்பன் கலப்பு முதன்மை வழியாக இடம்பெறவில்லை. அறிவியல் தோற்றதால் என்று இதைப் படிப்பது தவறு. அரை ஏக்கரிலிருந்து நூற்றுக்கணக்கான ஏக்கருக்குத் தாவுவது பெரிய தாவல், பனிக்கட்டி குடையும் இடத்தில் கலந்த கார்பனும் சேற்றோடு போய்விடும். நஞ்சு ஆற்றிலேயே இருக்கும் என்ற தீர்வை, பல பத்தாண்டுகள் மீன் உண்ணாமல் காத்திருந்த மக்களிடம் சொல்லி ஏற்கவைப்பதும் எளிதில்லை. மூடிக்கும் அந்தக் கடைசிச் சிக்கல் உண்டு என்பது உண்மை. மூடியைக் கையால் தொட்டுக் காட்டலாம், இடைநீரில் 90 சதவீதம் குறைந்ததைக் காட்ட வரைபடம்தான் வேண்டும்.

அதன் பின்

விரிவான வடிவமைப்புக்கே ஆண்டுகள் பிடித்தன. ஆற்றில் வேலை 2019இல் தொடங்கியது. கரையோரத் தோண்டல், மூடி, கவசம், வாழிடச் சீரமைப்பு எல்லாம் 2021 வாக்கில் முடிந்தன. தோண்டிய சேறு ஆலை வளாகத்தில் இருந்த பாதுகாப்பான புதைகுழிக்குப் போனது. உத்தரவு வந்த 1989இலிருந்து கணக்கிட்டால் முப்பது ஆண்டுகளுக்கு மேல்.

வேலை முடிந்த கையோடு மீன் எச்சரிக்கை நீங்கிவிடவில்லை. ஏற்கெனவே நஞ்சு ஏறிய மீன்கள் வாழ்ந்து முடிய வேண்டும், புதிய தலைமுறை மூடிய படுகையில் வளர வேண்டும், அதன் பின்தான் எண்கள் பேசும். ஆற்றில் நஞ்சை விட்டுவைத்த திட்டம் என்பதால், ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மறுஆய்வு செய்யச் சட்டமே கட்டாயப்படுத்துகிறது. மூடி இருக்கிறதா, கவசம் நகர்ந்ததா, மீனில் அளவு இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எதை மாற்றலாம்

இதே போன்ற வேலையை இன்று தொடங்குவதாக இருந்தால் முதலில் செய்ய வேண்டியது படுகையை அதிகம் உலுக்குவது எது என்று கேட்பது. கிராஸ் ஆற்றில் அது பனிக்கட்டி. வேறு இடத்தில் புயல் அலையாக இருக்கலாம், கப்பலின் சுழலியாக இருக்கலாம், மதகு திறப்பாக இருக்கலாம். வெள்ளக் கணக்கை மட்டும் போட்டுவிட்டு 'அரிப்பு இல்லை' என்று எழுதக் கூடாது. கரையில் நாற்பது ஐம்பது ஆண்டுகளாக இருப்பவர்களிடம் கேட்டாலே பாதி தெரிந்துவிடும், மரவடு பார்ப்பதற்கும் பெரிய செலவில்லை. 2001க்கு முன்பே இதைச் செய்திருக்கலாம்.

இரண்டாவது, இடைநீர் அளவீட்டைத் தொடக்கத்திலிருந்தே சேர்ப்பது. மொத்தச் செறிவை வைத்து மட்டும் வரைபடம் போட்டால், அதிக நஞ்சு உள்ள இடமும் அதிகம் கசியும் இடமும் ஒன்றே என்று நினைத்துவிடுவோம். கிராஸ் ஆற்றின் ஆழத்தில் புதைந்திருந்த பழைய சேறு மொத்தக் கணக்கில் முதலிடம். அதைத் தொடாமல் இருந்தவரை மீனுக்கு அதனால் வந்த தீங்கு குறைவு.

மூன்றாவது, கார்பனை ஒரு போட்டித் தீர்வாக மட்டும் நிறுத்தாமல், மூடி மண்ணோடு சேர்த்துப் பார்ப்பது. பனிக்கட்டி எட்டாத, வண்டல் படியும் பகுதிகளில், மூடியின் அடிப்பகுதியில் கொஞ்சம் கார்பன் கலந்தால் கீழிருந்து கசிந்து வருவதை அது பிடித்துக்கொள்ளும். மூடியின் தடிமனையும் குறைக்க முடியலாம். சோதனைப் பரப்பையும் அரை ஏக்கரில் நிறுத்தாமல், சிறு மீன்களில் வித்தியாசம் தெரியும் அளவுக்கு ஒரு முழு வளைவில் செய்ய வேண்டும். கண்காணிப்பு மூன்று ஆண்டோடு நிற்காமல், ஒரு பெரிய பனிக்கட்டி அடைப்பு வந்து போகும்வரை நீள வேண்டும்.

கடைசியாக மீன் உண்பவர்கள். சோதனை முடிவுகள் வந்த பின் அவர்களை அழைத்து விளக்குவதற்குப் பதிலாக, எதை அளக்கப் போகிறோம் என்று தீர்மானிக்கும் கூட்டத்திலேயே அவர்கள் உட்கார வேண்டும். எந்த மீன், எந்தப் பருவத்தில், எந்தத் திட்டில் பிடிப்பது, எப்படிச் சமைப்பது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். கண்காணிப்புக்கு எந்த மீனைப் பிடிப்பது என்பதை அதைக் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும்.